சிவப்புப் பொட்டு வைத்த தட்டு

எங்கள் இல்லத்துக்கு வருகிறவர்களிடம் அத்தையின் கதையைச் சொல்வது என் வேலையாக இருந்தது. அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. உத்திரமேரூரிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில் இந்தக் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர் அவர்தான். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள், போர்வை கொடுக்க வருகிறவர்கள், கல்லூரியிலிருந்து கூட்டமாக வரும் மாணவர்கள் என்று யார் வந்தாலும் கிளம்பும்போது ஒன்று கேட்பார்கள்: "இதை எப்படிம்மா ஆரம்பிச்சீங்க?"

அத்தை உடனே என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். "எனுக்கு அதெல்லாம் கோர்வையா சொல்ல வராது. என் மருமவ எம்மெஸ்சி படிச்சிக்கீது, அது சொல்லும், கேளுங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

நான் அதை நன்றாகவே சொல்வேன். எந்த இடத்தில் சற்று நிறுத்தினால் வந்திருக்கும் பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். அது தட்டு வரும் இடம்.

கதை இதுதான். அத்தை பட்டு நெய்கிற வீட்டில் பிறந்து, பட்டு நெய்கிற வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவர். என் கணவருக்கு மூன்று வயதாகும்போது மாமாவுக்கு இருமல் வந்தது. காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்று சாயங்காலமே மாமாவின் தட்டும் டம்ளரும் சமையலறையை விட்டு வெளியே போயின. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில் அவற்றைக் கவிழ்த்து வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவரே போய் எடுத்துக்கொண்டு வர வேண்டும். கரண்டி தட்டில் படாமல் மேலிருந்து சோறு விழும். பத்து நாளில் அத்தையின் தட்டும் அந்தக் கல்லுக்குப் போய்விட்டது, அவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டவர் அத்தைதான் என்பதால். குழந்தையை அத்தையின் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா இறக்கிற வரைக்கும் இரண்டு வருஷம் அத்தை கவிழ்த்து வைத்த தட்டில்தான் சாப்பிட்டார். அத்தைக்கு நோய் இல்லை. பிறகும் வரவில்லை.

மாமாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பக்கத்துப் பெண்கள் வார்டில் ஒரு அம்மா இருந்தாள். அவள் கட்டிலுக்கு அடியில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை வைத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. "பத்து நாளைக்கு நான் வச்சிக்கினு கீறேன், நீ ஒடம்பு தேறி வந்து இட்டுக்கினு போ" என்று அத்தை கூட்டிவந்தார். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. மாமா போன பிறகு அத்தை தன் அப்பாவின் தறிக்கொட்டகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாதென்று தறிக்குழியில் மணலைக் கொட்டி மூடி, அதன்மேல் பாய் விரித்துப் படுக்க வைத்தார். இப்போது அந்த இடத்தில் கட்டடம், பதிவு, சமையலறை எல்லாம் இருக்கின்றன. நான் வந்த வருஷம் பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோருக்கும் அவர் பெரிம்மா.

அந்த முதல் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்த மறுநாள் அத்தை செய்தது ஒன்று உண்டு. உத்திரமேரூர் பஜாரில் பாத்திரக்கடைக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு தட்டு வாங்கி, அதில் பேர் வெட்டிக் கொடுத்தார். கல்யாணச் சீரில் பேர் வெட்டுவது எல்லா வீட்டிலும் இருப்பதுதான். இங்கே வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வெட்டுவது வழக்கமாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் தட்டுகளை வரிசையாகப் போடுவோம். ஒரு தட்டு எடுக்காமல் கிடந்தால், யாராவது அதிலுள்ள பேரைப் படித்துச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போகிற பிள்ளை தட்டையும் எடுத்துக்கொண்டு போகும்.

இதையும் நான் சொல்வேன். சொல்லி முடித்ததும் யாராவது ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு பெரிய மனசு" என்பார்கள். அவர்கள் என் மனசைப் பாராட்டியது போல நான் லேசாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்தப் பெண் வந்தது ஐப்பசி மழையில். ஏழு வயது. அரிசி ஆலையில் வேலை செய்த அவள் அம்மா காசநோயில் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்பா எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. குழந்தைகள் நலக் குழுவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். எக்ஸ்ரே எடுத்து, எல்லாப் பரிசோதனையும் செய்து, நோய் எதுவும் இல்லை என்று அரசு ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்திருந்தது. இனிமேல் வராமல் இருப்பதற்காக ஆறு மாதத்துக்கு மாத்திரை. தினமும் காலையில் அதைக் கொடுத்துப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு.

நான் படித்தது நுண்ணுயிரியல். ஏனாத்தூர்ப் பக்கம் இரண்டு வருஷம் பஸ்ஸில் போய்வந்து படித்தேன். காசநோய் காற்றில் பரவும், தட்டிலும் டம்ளரிலும் பரவாது, நோயில்லாதவரிடமிருந்து யாருக்கும் பரவாது என்று தேர்வில் என் கையால் எழுதியிருக்கிறேன். அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அப்போது என் மகளுக்குப் பதினான்கு மாதம். அந்த மாத்திரை அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் படித்தது எங்கோ போய்விட்டு, பெற்றவளின் பயம் மட்டும் நின்றது.

அந்தப் பெண்ணோ வந்த நாளிலிருந்து என் மகளை விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு, "பாப்பா எங்க கீது?" என்று கேட்டபடி ஓடிவருவாள். ஒல்லி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மல்லிச்செடி வரை போய்த் திரும்புவாள். மகளும் அவள் கன்னத்தைக் கடிப்பாள். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போய் மகளின் வாயைக் கழுவுவேன்.

"நாளைக்குப் போயி அதுக்குப் பேர் வெட்டிக்கினு வந்துடும்மா" என்று அத்தை முதல் வாரமே சொன்னார். மழை என்று சொன்னேன். பிறகு கடையில் வெட்டுகிற ஆள் இல்லை என்றேன். பாப்பாவுக்குத் தடுப்பூசி என்றேன். மழை பெய்தது உண்மை. மற்ற இரண்டும் உண்மையா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கே நிச்சயமில்லை. அந்தப் பெண்ணை யாராவது சொந்தக்காரர்கள் வந்து அழைத்துப் போய்விடுவார்கள், ஒரு மாதத்துக்கு எதற்குப் பேர் என்றுகூட நினைத்தேன். இல்லை, அதுவும் நான் பிறகு கண்டுபிடித்த காரணமாக இருக்கலாம்.

பேர் இல்லாத ஒரு தட்டும் டம்ளரும் அலமாரியில் இருந்தன. அந்த முதல் வாரமே அவற்றை அவளுக்குக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் என் அறைக்கு எடுத்துப்போய், கல்யாணத்துக்கு வாங்கிய நகப்பூச்சை எடுத்து இரண்டின் அடியிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். என் மகளுக்கு எதையாவது ஊட்டும்போது எடுத்துவிடக் கூடாத தட்டு எது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். யாரும் தட்டைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஏழு வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கும்.

மறுநாள் காலை மாத்திரைக்காகக் கூப்பிட்டால், அவள் தட்டைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். "உங்க தட்டுல பேருதான் கீது. என் தட்டுல பொட்டு கீது பாரு! அக்கா எனுக்கு மட்டும் வச்சித் தந்துகீறாங்க!"

பத்து நிமிடத்தில் என் அறை வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். "அக்கா, எனுக்கும் ஒண்ணு." "எனுக்கு ஊதா கலர்ல வையிக்கா." "அவ நேத்து வந்தவ, நான் மூணு வருசமா கீறேன்."

நகப்பூச்சு தீர்ந்துபோய்விட்டது என்று பொய் சொன்னேன். எல்லாத் தட்டிலும் பொட்டு வைத்துவிட்டால் எது எது என்று எப்படித் தெரியும்? அந்த நேரத்தில்கூட என் மனம் இந்தக் கணக்கைத்தான் போட்டது.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா, வூட்டுல பியூட்டி பார்லர் தொறந்துட்டியா?" என்று சிரித்தார்.

"சும்மாதான் அத்தை. புதுசா வந்த பொண்ணு இல்ல..."

அவர் அதை நம்பினார். சமையல்கார அம்மாவிடம் என் காதுபடவே சொன்னார்: "பாத்தியா, அம்மா இல்லாத புள்ளைன்னு தன் வூட்டுப் புள்ளை மாதிரி பொட்டு வச்சிக் குடுத்துகீது. எனுக்குக்கூட இது தோணல." சமையல்கார அம்மா என்னைப் பார்த்து நெட்டி முறித்தார். நான் அப்போது சொல்லியிருக்கலாம். துவைத்த துணி மடிக்க இருக்கிறது என்று உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் வந்தவர்களுக்கு நான் ஐந்தாறு முறையாவது கதை சொல்லியிருப்பேன். துவைக்கிற கல், கவிழ்த்து வைத்த தட்டு, மேலிருந்து விழும் சோறு. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பெண் முன்வரிசையில், என் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மார்கழி தொடக்கத்தில் என் மகளுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் சமையல்கார அம்மா இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் தட்டின் விளிம்பைப் பார்த்தேன். பேர் இல்லை. பிடுங்கித் திருப்பினேன். இட்லி தரையில் விழுந்தது.

"இதுல ஏன் குடுத்தீங்க? இதுல குடுக்கக் கூடாதுன்னுதானே பொட்டு வச்சிருக்கேன்!"

"இன்னாம்மா இப்டிக் கத்துற? கைக்கு வந்த தட்டை எடுத்தேன். புள்ள மூணு நாளா நாஷ்டா துண்ணாம கெடக்கு, இப்பத்தான்..."

"அந்தப் பொண்ணோட தட்டும்மா இது! அவங்க அம்மாவுக்கு என்ன நோய்னு உங்களுக்குத் தெரியாதா?"

இவ்வளவையும் நான் சொன்னேன். காலை நேரம், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளைகள் இட்லிக்காகச் சமையலறை வாசலில் வரிசையில் நின்றிருந்தார்கள். அந்தப் பெண் நான்காவதாக நின்றாள். மற்றவர்கள் கையில் தட்டு இருந்தது. அவள் தட்டைத் தேடிக்கொண்டிருந்தாள் போலும். கை வெறுமையாக இருந்தது.

அத்தை சாம்பார்க் கரண்டியோடு நின்றார். கோபம் வந்தால் அவருக்கு ஊர் கேட்கும் குரல். அன்று அது வரவில்லை. மெதுவாக, "தொவைக்கிற கல்லு இங்கயும் பின்னால கீது" என்றார். "கவுத்து வைக்கணும்னா எந்தப் பக்கம்னு சொல்லிடு, வச்சிடறேன். எனுக்குப் பழக்கம்தான்."

பிறகு வரிசையைப் பார்த்து, "வாங்கடி, பஸ்ஸு வந்துரும்" என்று இட்லி வைக்க ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்குத் தன் தட்டில் வைத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு மூலையில் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

என் மகளுக்கு வந்தது சாதாரணச் சளிக்காய்ச்சல். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். "பாட்டி வீட்டுல இருந்தப்ப எங்கம்மா என்னைப் பார்க்கத் தெருமுனை வரைக்கும் வரும். கிட்ட வராது. நான் ஓடினா அதுவும் ஓடும்" என்றார். அதை நான் கதையில் சேர்த்ததில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

மறுநாள் பாத்திரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வெட்டுகிற மிஷினைச் செருகிவிட்டு, "பேரு சொல்லும்மா" என்றார். சொன்னேன். "இனிஷியல்?" எனக்குத் தெரியவில்லை. ஆறு வாரமாக அவளுடைய பதிவேட்டைத் தினமும் திறந்திருக்கிறேன். மாத்திரைக் கட்டத்தையும் எக்ஸ்ரே பக்கத்தையும்தான் பார்த்திருக்கிறேன். "கேட்டுட்டு வர்றேன்" என்று தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "உன் தட்டுல பேர் வெட்டப் போறேன். இனிஷியல் என்ன?"

அவள் யோசித்தாள். "வேணாங்க்கா. பொட்டே இருக்கட்டும்."

"ஏன்?"

"பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது இல்ல? பேரு போட்டா தெரியாம எடுத்துடும். பொட்டுன்னா அதுக்கே தெரியும்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு உதவியாகத்தான் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, உனக்கு நோய் இல்லை, நோய் இருந்தாலும் தட்டில் ஒட்டாது, அக்கா படித்ததை மறந்து பயந்துவிட்டேன், அக்கா செய்தது தப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரிக்கா", "சரிக்கா" என்றாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"தட்டுல ஒட்டாதுன்னா, எங்கம்மா தட்டை எங்க ஊர்ல ஏன் ஏரியில தூக்கிப் போட்டாங்க?"

பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்தான். அவர்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம். தெரிந்த நான் என்ன செய்தேன் என்பது பொட்டு வைத்த தட்டாக அவள் மடியில் கிடந்தது. "தெரியலைம்மா" என்றேன்.

பேர் வெட்டியாயிற்று. இனிஷியலுக்கு அவள் அம்மா பேரின் முதல் எழுத்தைச் சொன்னாள், அதையே போட்டோம். பொட்டை நான் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுத்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கொல்லைப்புறம் போனபோது, துவைக்கிற கல்லின் ஓரத்தில் ஒரு தட்டும் டம்ளரும் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தேன். யாரும் அவளிடம் சொல்லவில்லை என்று எல்லாப் பிள்ளைகளும் சத்தியம் செய்தார்கள். யாரும் சொல்லத் தேவையில்லை. எங்கே வைக்க வேண்டும், எப்படிக் கவிழ்க்க வேண்டும் என்று முன்வரிசையில் உட்கார வைத்து நான்தான் அத்தனை முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான் எடுத்து அலமாரியில் வைப்பேன். மறுநாள் அங்கே இருக்கும். அத்தை நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் தன் தட்டையும் கொண்டுபோய் அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, "தொணைக்குக் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது இரண்டையும் அவரே உள்ளே எடுத்து வந்தார். அதற்குப் பிறகு அவளும் தட்டைக் கல்லுக்குக் கொண்டுபோகவில்லை. அத்தைக்கு அது முடிந்தது. எனக்கு முடியவில்லை.

தை மாதத்தில் ஒரு குடும்பம் பிறந்தநாள் சாப்பாட்டோடு வந்தது. எப்படி ஆரம்பித்தீர்கள் என்று கேட்டார்கள். அத்தை வழக்கம்போல என்னைக் காட்டினார். நான் அவரை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய், "இனிமே நான் சொல்லலை அத்தை. எனக்கு அதைச் சொல்ற யோக்கியதை இல்லை" என்றேன்.

"அதெல்லாம் பேஜார் பண்ணாத" என்றார். "யோக்கியதை கீறவங்க சொல்லணும்னா இந்த வூட்டுல ஆரு சொல்றது? உன் புருசனை எங்கம்மா வூட்டுக்கு அனுப்பினது ஆருன்னு நெனச்சிக்கினு கீற? எம் மாமியாவா? நான்தான். எம் புள்ளைக்கு வந்துரப் போவுதுன்னு நான்தான் அனுப்பினேன். போ, சோறு ஆறுது."

அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, வெறும் எரிச்சலில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் சொன்னதில் எனக்கு ஆறுதல் இல்லை. அவர் மகனை அனுப்பியபோது வீட்டில் உண்மையாகவே நோய் இருந்தது. அவர் படித்தவரும் இல்லை. போய், வந்தவர்களிடம் இரண்டு வரியில் சொல்லி முடித்தேன். தட்டைச் சொல்லவில்லை. யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கு மாத்திரை சித்திரையில் முடிந்தது. எந்தச் சொந்தக்காரரும் வரவில்லை; இங்கேதான் இருக்கிறாள். இரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். மற்றப் பிள்ளைகளோடு உருண்டு புரண்டு விளையாடுகிறாள். என் மகள் இப்போது ஓடுகிறாள். ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு, தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டுவாள். அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

"தூக்கிக்கோ" என்பேன். தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன உடனே தூக்கிக்கொள்வாள், நான் சொல்வதை அவள் தட்டியதில்லை. ஆனால் தன் மூச்சு பாப்பாவின் மேல் படாமல் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வாள். மகள் அவள் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பாள். அவள் சிரித்துக்கொண்டே, மறுபடியும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.